முந்திரி மாவுப் பான்கேக்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதில் எனக்கே ஐயம் இருக்கிறது. பொருளாதாரத்தில் முதுகலை படித்தவள். தேர்வுக்குக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கதை இதுவே முதல். அதிலும் உண்ணும் பொருளைப் பற்றி அருவருப்போடு எழுத நேர்கிறது. வாசிப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அருள்கூர்ந்து கை கழுவிய பின் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் துணிச்சலைப் பொறுத்தருள வேண்டும்.

2011ஆம் ஆண்டு தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை செம்பியன் சிதம்பரத்துக்காரர். அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர். எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில். வைகாசியில் திருமணம் என்று முடிவாயிற்று. கூறைப்புடவையும் அதற்கான ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது வழக்கம். என் அளவு ரவிக்கையை வாங்கிச் சென்றிருந்த அவருடைய தாயார் தில்லையம்மாள், மாசி மாதம் புது ரவிக்கையோடு வந்து அதை எங்கள் கூடத்தில் விரித்துக் காட்டினார். அது என் தோளைத் தாண்டாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"டைலர் தப்பா தைச்சிட்டானா சம்மந்தி?" என்று அம்மா கேட்டார்.

"தப்பெல்லாம் இல்ல. நான்தான் சின்னதா தைக்கச் சொன்னேன். கல்யாணத்துக்குள்ள பொண்ணு இதுக்குள்ள வந்துடணுமில்ல?" என்றவர், என் மேல்கைச் சதையை இரு விரல்களால் பிடித்து, சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல் அழுத்தினார். அவருடைய விரல்களில் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது. "ரவிக்கை ஏறலன்னா தேதியத் தள்ளி வெச்சிக்கலாம்னு தம்பி சொல்லிட்டான்."

தள்ளி வைத்த தேதி பிறகு வரவே வராது என்பது எங்கள் அனைவருக்கும் புரிந்தது. அப்பா அதற்குள் கடலூரில் பாதிப் பேருக்கு வாயால் அழைப்பு வைத்திருந்தார். ரவிக்கையைப் பீரோவில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "கொஞ்ச நாளைக்குத்தானம்மா" என்றார்.

அந்த வாரமே செம்பியனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. மாவுச்சத்துக் குறைந்த பான்கேக் செய்யும் முறை மட்டும் இருந்தது: பாதாம் மாவு, முட்டை, பாலாடைக்கட்டி, வெண்ணெய், இசப்கோல் உமி. காலையும் இரவும் இதை மட்டுமே உண்ண வேண்டும். சோறு, இட்லி, தோசை கூடவே கூடாது. அப்பா அதை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்து அடுப்படிச் சுவரில் ஒட்டினார்.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் தாய்மாமா கண்ணாயிரம் செய்தி கேட்டுத் தொலைபேசியில் கொதித்தார்.

"பாதாமா? ஏன் மச்சான், நம்ம ஊரு முந்திரி என்னா கேவலமா? அவன் ஊருல முந்திரி வெளையல, அதனால பாதாம்னு எழுதியிருக்கான். ரெண்டும் பருப்புதானே! நான் மூட்டையே அனுப்புறேன். பாப்பா நூல் மாதிரி ஆயிடும் பாருங்க."

அனுப்பினார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பண்ருட்டிப் பக்கம் பிறந்தவர்கள் முந்திரியைச் சந்தேகிப்பது எங்ஙனம்?

முதல் நாள் அம்மா முந்திரியை மிக்ஸியில் அரைத்தார். அது மாவாகவில்லை, எண்ணெய் விட்டுக் களிம்பாகி ஜாரின் அடியில் அப்பிக்கொண்டது. அதை வழித்து முட்டைகளை உடைத்து ஊற்றி, மலச்சிக்கலுக்கென்று அப்பா வைத்திருந்த இசப்கோலைத் தூவினார். சிறிது நேரத்தில் அந்தக் கலவை மூக்குச்சளிபோல் இழுபட ஆரம்பித்தது. இவ்வாறு எழுதுவதற்கு மன்னிக்கவும்; வேறு உவமை கிடைக்கவில்லை. கரண்டியைத் தூக்கினால் கூடவே எழுந்து வந்தது. கல்லில் ஊற்றினால் ஓரம் கருகியது, நடுப்பகுதி வேகவில்லை. முட்டையின் கவிச்சி கூடத்தைக் கடந்து வாசல்வரை சென்றது.

"மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்கிடு அனு. மருந்துன்னு நெனச்சிக்கோ" என்றார் அம்மா. அவரே முந்தானையால் மூக்கை மூடியிருந்தார்.

விழுங்கினேன். நாக்கின் மேல் ஈரப் பஞ்சு படுத்திருந்ததுபோல் இருந்தது. அன்று முதல் காலையும் இரவும் அதுவே. ஏப்பம் விட்டால் முட்டை. தலைமுடியை முகர்ந்தால் முட்டை. பசி தாங்காமல் நான்கைந்து தின்பேன். பிறகு கிணற்றடியில் நின்று குமட்டுவேன். ஒரு பருக்கைச் சோறும் தொடவில்லை. ஆயினும் பங்குனி பிறந்து, பேருந்து நிலையத்து எடை இயந்திரத்தில் ஏறி நின்றபோது, முன்பைவிட எடை கூடியிருந்தது.

"திருட்டுத்தனமா சோறு திங்கிறாளா?" என்று தில்லையம்மாள் தொலைபேசியில் கேட்டார். அடுத்த ஞாயிறு ரவிக்கையையும் பான்கேக்கையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் வரவேண்டும், தம்பி கம்ப்யூட்டரில் நேரே பார்ப்பான் என்றும் ஆணையிட்டார்.

நாங்கள் மூவரும் சென்றோம். விளக்கு வைக்கும் நேரம். செம்பியனுக்கு அது காலை. மடிக்கணினித் திரையில் அவர் முகம் தெரிந்தது. நாங்கள் கொண்டுபோன ஹாட்பாக்கைத் திறந்து ஒரு பான்கேக்கைத் தட்டில் வைத்து, "தம்பி பார்க்கட்டும், சாப்பிடு" என்று தில்லையம்மாள் என்னிடம் நீட்டினார். பேருந்துச் சூட்டில் அது வியர்த்திருந்தது. பிட்டு வாயில் வைத்தேன்.

"ஆல்மண்ட் மாவுதானே மாமா?" என்று செம்பியன் கேட்டார்.

அப்பாவுக்குப் பெருமை தாளவில்லை. "முந்திரி தம்பி! பண்ருட்டி முதல் தரம். மச்சான் மூட்டையா அனுப்பினாரு."

செம்பியன் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். "ஐயோ மாமா, முந்திரியில மாவுச்சத்து ஜாஸ்தி. மூட்டை மூட்டையா தின்னா எப்படிக் கொறையும்? சரி விடுங்க, இனிமே பாதாம் போட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

சொல்லிக்கொண்டே அவர் எதையோ பிய்த்துச் சட்டினியில் தோய்த்து வாயில் வைத்தார். முறுகலான, ஓரம் சிவந்த தோசை.

வாயிலிருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். "நீங்க பான்கேக் சாப்பிடலீங்களா?" என்று கேட்டேன். நான் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"நானா? எனக்கெதுக்கு? இங்க இண்டியன் ஸ்டோர்ல நல்ல மாவு கெடைக்குது" என்றார். தொப்பை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

"அவன் ஆம்பள, ஒழைக்கிறவன்" என்றார் தில்லையம்மாள். "நீ தின்னு."

தட்டில் துப்பினேன். கொழகொழவென்று நூலிழுத்து விழுந்தது. அந்தக் கூடத்தில் அதைக் காட்டிலும் அருவருப்பானதாக எனக்குத் தோன்றியது திரையிலிருந்த அந்த எச்சில் விரல்கள்தாம்.

"மன்னிச்சிடுங்க அத்தை. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்க."

"என்னாது? நெட் கட் ஆவுதா? என்னா சொல்றா?" என்று செம்பியன் கேட்டார்.

"கட் ஆவல தம்பி" என்று அப்பா எழுந்தார். "கேட்டது சரிதான்."

"வாசலத் தாண்டினா அவ்ளோதான், நெனப்பிருக்கட்டும்!" என்று தில்லையம்மாள் கத்தினார். அம்மா என் கையைப் பற்றினார். தாண்டினோம்.

இழந்தவற்றை மிகைப்படுத்தாமல் கூறி முடிக்கிறேன். ஒரு திருமணம். கவிச்சி போகாத மிக்ஸி ஜார் ஒன்று. கொத்துக் கொத்தாக உதிர்ந்த என் தலைமுடி. கண்ணாயிரம் மாமாவின் வரவு. பழி தம்மீது விழுந்ததாக எண்ணி அவர் வருவதை நிறுத்திவிட்டார். என் இடத்தில் தம் பெண்ணைச் செம்பியனுக்குக் கொடுத்த பெரியப்பா வீட்டாரோடு இருந்த பேச்சுவார்த்தை. அழைப்பு வைத்தவர்களை எதிர்கொள்ள முடியாமல் அப்பா கைவிட்ட மாலை நடை. அவ்வளவே.