வெல்லம் தின்ற கரடி

கொல்லிமலை ஏரியில் படகுச் சவாரிக்கு டிக்கெட் கொடுக்கும் இமானுவேலிடம் வருகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "ஏனுங்க, இங்க மிருகமெல்லாம் எங்க போனா பாக்கலாம்?" கேட்கிறவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் குடல் புரளப் புரள ஏறி வந்தவர்கள். பட்ட பாட்டுக்கு ஒரு சிறுத்தையாவது ரோட்டோரம் வந்து நிற்க வேண்டாமா என்பது அவர்கள் நியாயம். எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பவர்களும் உண்டு, சினிமாக் கொட்டகையில் அடுத்த ஆட்டம் எப்போது என்று விசாரிப்பது போல.

இமானுவேல் சலித்துக்கொள்ள மாட்டார். விடிகாலையில் ஏரியின் அந்தக் கோடிக்குப் போனால் நீர்க்காகமும் நாரையும் பார்க்கலாம் என்பார். கோயிலுக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்தபடி நடந்தால், அதிர்ஷ்டம் இருந்தால், மலை அணில். குரங்கை நீங்கள் தேட வேண்டாம், அது உங்கள் பையைத் தேடிக்கொண்டு வரும் என்று சொல்லிச் சிரிப்பார். கரடி உண்டா என்று யாராவது கேட்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "அதெல்லாம் ஆளு கண்ணுல படாதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

அது பச்சைப் பொய். அந்த வட்டாரத்திலேயே கரடி பார்க்கத் தோதான இடம் அவர் குடியிருந்த வீட்டின் அடுப்படி ஜன்னல்தான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து மனிதர் அவர். மனைவி விமலா இறந்த மறு வருஷம் மலைக்கு மாற்றல் வந்தது. மலை மாற்றல் என்றால் எல்லோரும் ஆளைப் பிடித்து ரத்து செய்யப் பார்ப்பார்கள். இவர் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். காலியான வீடு எந்த ஊரில் இருந்தால் என்ன என்று அப்போது நினைத்தார். மலையில் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்பது அவருக்குத் தெரியாது. ஐந்தரைக்குப் படகுத்துறையைப் பூட்டினால், மறுநாள் திறக்கும் வரைக்கும் வாயைத் திறக்க வேலை இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஜாஸ்மின் தினமும் போன் பண்ணுவாள். சாப்ட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்பாள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேச்சு முடிந்துவிடும். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் ஆயிரம் வேலை.

பலாக் காலத்தில்தான் கரடி வந்தது. வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி படர்ந்த சரிவில் ஒரு பெரிய பலாமரம். பொழுது சாய்கிற நேரத்தில் அதனடியில் ஏதோ புஸ்புஸ்ஸென்று மூச்சு விடுவது கேட்டு, தோசைக்கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார். கன்னங்கரேலென்று, சடை சடையாய் மயிர் தொங்க, நெஞ்சில் வெள்ளைக் கீற்றோடு ஒரு கரடி மனிதன் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து பலாப்பழத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றுதான் நினைத்தார், சாத்தவில்லை.

அது தினமும் வந்தது. பயம் தெளிந்ததும் அவர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசத் தொடங்கினார். "மெதுவாத் தின்னு சாமி, விக்கிக்கப் போவுது." ஜாஸ்மினுக்கு மாப்பிள்ளை அமையாதது, விமலாவின் கடைசி நாட்கள், படகில் ஏறிவிட்டு நீச்சல் தெரியாது என்று அலறிய ஒரு போலீஸ்காரர் என்று எல்லாவற்றையும் சொன்னார். கரடி பலாச்சுளையைத் தவிர எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் பேசி முடித்த பிறகு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பலா முடிந்தது. இரண்டு நாள் கரடி மரத்தடியை முகர்ந்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது. மூன்றாம் நாள் அவருக்கு மனசு கேட்கவில்லை. வாழைப்பழம் வைத்தார். அப்புறம் அன்னாசி. கடைசியில் வெல்லத்தில் வந்து நின்றது. அச்சு வெல்லத்தை அது நக்கி நக்கித் தின்ற அழகைப் பார்த்த பிறகு அவர் வேறு எதையும் வைக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கு இவ்வளவு வெல்லம் எதற்கு என்று சந்தைக்கடைக்காரர் கேலி பண்ணினார். பாயசம் வைப்பதாகச் சொல்லிச் சமாளித்தார்.

தப்பு என்று தெரியாமல் இல்லை. குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற ஆள் அவர். வீட்டுக்கு வந்தால் அந்த நியாயம் அவருக்கு ஞாபகம் வராது. தனக்காகக் காத்திருக்க ஒரு ஜீவன் இருக்கிறது என்ற எண்ணத்தில் எட்டி நடைபோட்டு வீடு வந்து சேர்வார். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்த பிறகும் கரடி வந்துகொண்டிருந்தது.

பொங்கல் விடுமுறையில் ஏரிக்கரை கொள்ளாத கூட்டம். படகுத்துறையைப் பூட்டி அவர் வீடு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பலாமரத்தடியில் யாரும் இல்லை. வெல்லத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அது வரவில்லை.

காலையில் அவர் வீட்டுக்குக் கீழே, அடுத்த தோட்டத்தில் குடியிருக்கும் ருக்குமணி ஓடி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சார், நேத்துப் பொழுது சாயக் கரடி வந்து எங்க அடுப்படிக் கதவை ஒடச்சிருச்சுங்க. அவரு தடியோட போனாருங்க, தோளைக் கிழிச்சுப்போட்டுருச்சு. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. உசுருக்குப் பயமில்லைன்னு சொல்றாங்க, ஆனா கை வருமோ வராதோ."

ராசப்பன் அவள் புருஷன். மரமேறி மிளகு பறிக்கிற ஆள். கை போனால் பிழைப்பு போனது.

"அரிசி, பருப்பு, எண்ணெ எதையும் தொடலீங்க சார்" என்றாள் அவள். "வெல்லப் பானையை மட்டும் ஒடச்சு நக்கிட்டுப் போயிருக்குது."

இமானுவேல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் பயந்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"நீங்க வேற ஒத்தையில கெடக்கறீங்க. இனிமேப் பொழுது போனா எங்க ஊட்டுக்கு வந்துருங்க. களியோ சோறோ இருக்கறதைத் தின்னுட்டு அங்கயே படுத்துக்கங்க. இத்தனை நாளாக் கூப்படாதது எங்க தப்புதானுங்க."

மலைக்கு வந்த நாளாக அவரை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தைக்காக எத்தனை சாயங்காலம் ஏங்கியிருப்பார். இப்படி ஒரு காலையிலா அது வர வேண்டும்?

மத்தியானம் வனக்காவலர் ரமேஷ்குமார் கூண்டு ஏற்றிய வண்டியோடு வந்தார். ருக்குமணி வீட்டு வாசலில் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கூடியிருந்தது. இமானுவேலும் ஓரமாக நின்றார்.

"காட்டுல வெல்லம் காய்க்குதாங்க?" என்று ரமேஷ்குமார் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "எவரோ வெச்சுப் பழக்கியிருக்காங்க. சரி, மறுபடி இங்கதான் வரும். கூண்டை இந்த அடுப்படிக்கிட்ட எறக்குங்க."

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ராத்திரி இந்த வீட்டில் சுடச்சுடக் களி கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும். வெல்லம் வைப்பதை இன்றோடு நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அது அடுத்த வீட்டுக் கதவை உடைக்கும், அங்கே இன்னொருவன் தடியோடு வருவான். நேற்று ஒரு நாள் தாமதத்துக்கே ஒருவன் கிழிபட்டுக் கிடக்கிறான். இமானுவேல் ஓரத்திலிருந்து முன்னால் வந்தார்.

"கூண்டை இங்க வெக்காதீங்க" என்றார். "அது மொதல்ல என்ற ஊட்டுப் பின்னாலதான் வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"வெல்லம் வெச்சது நான்தானுங்க."

ருக்குமணி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "அவரு கையைத் தூக்க முடியாமக் கெடக்கறாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூட்டமும் மெல்லக் கலைந்தது. போகிறபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கூண்டைப் பலாமரத்தடியில் வைத்து இலைதழை போட்டு மூடினார்கள். வெல்லத்தை அவரையே வைக்கச் சொன்னார் ரமேஷ்குமார். புது ஆள் வாடை பட்டால் கரடி ஒதுங்கிவிடுமாம். கூண்டுக்குள் குனிந்து போய் வைத்துவிட்டு வந்தார். அது வரவே கூடாது என்றும், வந்துவிட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் ஜெபம் பண்ணினார். எதைக் கர்த்தர் கேட்பார்?

பொழுது சாய்ந்ததும் கரடி வந்தது. சுற்றிப் பார்க்கவில்லை, தயங்கவில்லை. நேராகக் கூண்டுக்குள் நுழைந்து உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. கதவு விழுந்த சத்தத்தில் மரத்துப் பறவையெல்லாம் கிளம்பிப் பறந்தன. அது கொஞ்சம்கூட யோசிக்காமல் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதார்.

விடிந்ததும் கூண்டை வண்டியில் ஏற்றினார்கள். மோதி மோதிக் கரடியின் மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. படம் பிடிக்க வந்தவர்களை விரட்டிவிட்டு ரமேஷ்குமார் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். இமானுவேல் வண்டிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தக் காட்டுலங்க விடுவீங்க?"

ரமேஷ்குமார் முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை.

"வேற யாரு கேட்டாலும் சொல்லிருவேன் சார். உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதுங்க."

"ஆமாங்க, சொல்லாதீங்க" என்றார் இமானுவேல். "சொன்னா அங்கயும் வந்துருவேன்."