கறார் மாமாவின் இருமல்

இப்போதெல்லாம் ஒரு மனுஷன் நிம்மதியாக இருமக்கூட முடிவதில்லை. ஒரு காலத்தில் பஸ்ஸில் இருமினார்கள், சினிமாக் கொட்டகையில் இருமினார்கள், கல்யாண மேடையில் மாப்பிள்ளையே இருமினான். யாராவது திரும்பிப் பார்த்தார்களா? பக்கத்தில் இருப்பவன் முதுகில் ரெண்டு தட்டு தட்டுவான், அவ்வளவுதான். இப்போது தொண்டையைச் சும்மா செருமினாலே போதும், ஏதோ இடுப்பிலிருந்து கத்தியை உருவிவிட்ட மாதிரி விலகி ஓடுகிறார்கள். மூக்கைப் பொத்துகிறவன் ஒருத்தன், ஜன்னலைத் திறக்கிறவன் ஒருத்தன். ஜனங்களுக்கு உயிர் மேல் அவ்வளவு ஆசை வந்துவிட்டது.

இது கறார் மாமாவின் கட்சி. அவர் கையில் நிஜமாகவே கத்தி இருந்தது என்பது வேறு விஷயம்.

அக்கா மகன் நடத்துகிற சலூனில் மூன்று சேர். உள்பக்கம், வாஷ்பேசினை ஒட்டிக் கிடக்கிற மூன்றாவது சேர் கறார் மாமாவுடையது. அக்கா மகனுக்கு மாமா என்றால் கடைக்கு வருகிறவர்களுக்கும் மாமாதான். கறார் என்ற பட்டம் அவர்கள் கொடுத்தது. "பின்னால கொஞ்சம் நீளமா விடுங்க" என்று யாராவது சொன்னால், "உன் கழுத்துக்கு அது நிக்காது" என்று சொல்லிக்கொண்டே வெட்டிவிடுவார். கேட்டவன் முறைப்பான், அடுத்த மாதமும் அவரிடமே வந்து உட்காருவான்.

அப்படி வந்துகொண்டிருந்தவர்கள்தான் இப்போது பெஞ்சில் பேப்பர் படிக்கிற பாவனையில் ரெண்டாவது சேர் காலியாவதற்குக் காத்திருந்தார்கள்.

கறார் மாமாவின் இருமலில் ஓர் ஒழுங்கு இருந்தது. தொண்டையில் குறுகுறுப்பு தொடங்கியதுமே கத்தி கழுத்தைவிட்டு விலகிவிடும். கையை ஓரமாக நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அதற்கப்புறம்தான் இருமுவார். ஒரு கழுத்திலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் சேரில் இருப்பவனுக்குக் கண்ணாடியில் தெரிவது என்ன? அந்தரத்தில் ஒரு கத்தி, அதைப் பிடித்துக்கொண்டு குலுங்கும் ஒரு கிழவன். ஒருநாள் வழக்கமாக வருகிற பேங்க்காரர் ஒருத்தர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்தே விட்டார்.

"மீதியை அவர்கிட்ட பண்ணிக்கிறேங்க" என்று ரெண்டாவது சேரைக் காட்டினார்.

ரெண்டாவது சேரில் வேலை பார்ப்பவன் ஸ்பிரே. எதற்கெடுத்தாலும் பாட்டிலால் வந்தவர் தலையில் தண்ணீர் அடிப்பதால் அந்தப் பேர். அவன் டவலை உதறினான். "வாங்க சார். பாதிதானே, சட்டுனு முடிச்சிடலாம்."

டீ குடிக்கிற நேரத்தில் அக்கா மகன் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நல்லதுக்குன்னு ஆரம்பிச்சாலே வம்புதான். சொல்லு."

"இருமல் நிக்கிற வரைக்கும் நீங்க முன்னால உக்காருங்க. அடுத்தது யாருன்னு கூப்பிட்டு அனுப்பினாப் போதும். சேருக்கு என் மச்சானை வரச் சொல்லியிருக்கேன்."

"நிக்கலைன்னா?"

அக்கா மகன் சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தான். "நிக்கலைன்னா அவனே இருந்துடட்டும் மாமா. வர்றவங்க பயப்படறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

கோபம் வரும் என்று கறார் மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை. பெண்டாட்டி போனதிலிருந்தே அப்படித்தான், வரவேண்டியது எதுவும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. பிரஷைக் கழுவி, உதறி, கவிழ்த்து வைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்.

இருமலுக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சிவப்பு மருந்து, பச்சை மருந்து, வாயில் போட்டுச் சப்புகிற மிட்டாய் எல்லாம் ஆயிற்று. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தாயிற்று, சுத்தமாக இருந்தது. பீடி சிகரெட் தொட்டதில்லை. எல்லாம் சரியாக இருந்தது, இருமலைத் தவிர. கடைசியில் மகள் வேறொரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா மகளைவிடச் சின்னவள். அதிலேயே பாதி நம்பிக்கை போய்விட்டது அவருக்கு.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தாள், தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். "ஐயா, உங்க இருமல் நெஞ்சுல இருந்து வரல. வயித்துல இருந்து வருது."

"வயித்துல இருந்து ஏப்பம் வரும்மா. இருமல் எப்படி வரும்?"

மகள் அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"வயித்துல இருக்கிற அமிலம் மேல ஏறி வந்து தொண்டையைத் தொடுது. தொண்டை பொறுக்காம இருமுது."

"எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே."

"சில பேருக்கு எரியவே எரியாது. இருமல் மட்டும்தான் இருக்கும். காலையில குரல் கரகரன்னு இருக்கா? தொண்டையில ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி செருமிக்கிட்டே இருக்கத் தோணுதா?"

அப்படியேதான் இருந்தது. ஆனால் முதல் கேள்விக்கே ஒப்புக்கொண்டால் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். "கொஞ்சம்" என்றார்.

முழுங்கக் கஷ்டமா, எடை குறைந்ததா, வாந்தியில் ரத்தம் ஏதாவது பார்த்தீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். எதுவும் இல்லை.

"சாப்பிட்டதும் படுக்கிற பழக்கம் உண்டா?"

"படுக்கிறதா? காலையில கடை திறந்தா பூட்டற வரைக்கும் நின்ன கால்ல நிக்கிற தொழில்மா. ராத்திரி வீட்டுல சாப்பிட்டு ஊர்க்கதை எல்லாம் முடிஞ்சுதான் படுக்கை. நடுவுல படுக்க எங்க இடம் இருக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னார்.

மாத்திரை எழுதினாள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. டீயைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும், சாப்பிட்டு ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு முதுகைக் கீழே வைக்கக் கூடாது. "உடனே நிக்காதுங்க. ரெண்டு மாசமாவது பொறுமையா சாப்பிடணும்."

"ரெண்டு மாசத்துல தானா நிக்கிற இருமலும் உண்டுல்ல?"

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினாள். "உண்டு. இது அது இல்ல."

மறுநாள் காலையில் மாத்திரையை டீயோடு முழுங்கினார். மகள் டம்ளரைப் பிடுங்கினாள். "அப்பா! வெறும் வயித்துலன்னு சொன்னாங்கல்ல?"

"டீ என்ன சோறா? தண்ணிதானே?"

அன்றிலிருந்து மகள் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்து, முழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நின்றாள். டீ அப்புறம் வந்தது, அரை டம்ளராக. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை போட்டாள். ராத்திரி முழுக்க அவர் சறுக்கிச் சறுக்கிக் கீழே வந்ததில், காலையில் பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கின. "சறுக்குமரத்துல தூங்கச் சொல்றா" என்றார் கடையில். ஸ்பிரே சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

கடையில் வேலை சுலபமாகத்தான் இருந்தது. "அடுத்தது யாரு? போப்பா." "குழந்தையா? ரெண்டாவது சேர்." "உனக்கு அவசரம்னா நேத்தே வந்திருக்கணும்." உள்ளே அக்கா மகனின் மச்சான் மெஷினை உர்ரென்று ஓடவிட்டு அவர் சேரில் தலைகளை மேய்ந்துகொண்டிருந்தான். கெட்ட வேலைக்காரன் இல்லை. வந்தவர்களோடு பேசினான், முடியைக் கூட்டித் தள்ளினான், எழுந்து போகும்போது சேரைத் துடைத்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததால் கறார் மாமா அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மத்தியானம் மட்டும் வேறு மாதிரி. மச்சான் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவான். கறார் மாமா மகள் கட்டிக்கொடுத்ததைப் பின்னறையில் சாப்பிட்டு, கை கழுவி, வந்து தன் சேரில் உட்காருவார். பக்கவாட்டில் இருக்கிற கம்பியை இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால்பலகை மேலே வரும், தலை வாஷ்பேசின் பக்கமாக இறங்கும். கண் மேல் ஒரு ஈர டவல். மின்விசிறிச் சத்தம். இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் சேர் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, அவரும் கேட்டுக்கொள்வதில்லை. எழுந்ததும் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். கடை பூட்டுகிற வரைக்கும் விடாது.

வாரங்கள் போயின. ராத்திரி இருமல் குறைந்தது. மகள் அதைச் சொன்னபோது, "தூங்குறவனுக்கு இருமினது எப்படித் தெரியும்?" என்றார். பகல் இருமல் அப்படியே இருந்தது. "பாத்தியா? வயிறாம், அமிலமாம். மாத்திரைக் கம்பெனிக்காரனுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல, பிழைக்கணும்."

ஒருநாள் அக்கா மகன், "மச்சான் முடிவா கேக்கறான் மாமா. இருக்கணுமா போகணுமான்னு. இந்தத் தடவை டாக்டர்கிட்ட நானும் வரேன்" என்றான். சேரின் கணக்கு அங்கே தீர்ந்துவிடும் என்று ரெண்டு பேருக்கும் தெரிந்தது. போகிற வழியெல்லாம் ரெண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். "ராத்திரி குறைஞ்சிருக்கு. மத்தியானத்துக்கு மேல அதிகமா இருக்கு. ஐயா, காலையில இருந்து என்னென்ன பண்றீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார். மாத்திரை, அரை டம்ளர் டீ, பஸ், கடை, பெஞ்ச், சாப்பாடு. "அப்புறம் என் சேர்ல கொஞ்ச நேரம் உக்காருவேன். அப்புறம் மறுபடி பெஞ்ச்."

பக்கத்தில் அக்கா மகன் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "உக்காருவாரா! டாக்டர், அது ஷேவிங் சேர். இவர் பின்னால சாச்சார்னா தலை வாஷ்பேசினுக்குள்ள இருக்கும், கால் கண்ணாடியில தெரியும். குறட்டை பக்கத்துக் கடைக்குக் கேக்கும்."

"சாப்பிட்ட உடனேயா?"

"கை ஈரம் காயாது டாக்டர்."

"நான் கேட்டேனே ஐயா, சாப்பிட்டதும் படுப்பீங்களான்னு."

"படுக்கல. சேர்ல உக்காந்தேன்" என்றார் கறார் மாமா. "சேர்ல இருந்தா படுத்ததாகுமா?"

"தலை கீழே, கால் மேலே. அது சேர்னு அமிலத்துக்குத் தெரியாதுங்க."

அக்கா மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கறார் மாமா மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். அந்த ஒரு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

"சாப்பிட்டு நிமிர்ந்து உக்காருங்க. இல்ல, மெதுவா நடங்க. மாத்திரை அதேதான். இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

வெளியே வந்ததும் அக்கா மகன் சிரிப்பை நிறுத்தினான். "ஒரு மாசம் மாமா. மச்சான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அதற்கப்புறம் மத்தியானங்களில் அவர் பெஞ்சில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கழுத்து தொங்கும், திடுக்கென்று நிமிரும். கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறிக்கும். எதிரே மூன்றாவது சேர் நிமிர்ந்து, காலியாக இருக்கும்.

"பெருசு, சேர் உங்களைத் தேடி அழுவுது" என்பான் ஸ்பிரே.

"நீ போய்க் கண்ணைத் துடைச்சு விடு."

தூக்கம் மிஞ்சினால் தெருவில் இறங்கி நடப்பார். பூட்டுக் கடை, செருப்புக் கடை, மருந்துக் கடை, திரும்பி வந்தால் மறுபடி மருந்துக் கடை, செருப்புக் கடை, பூட்டுக் கடை. எதையும் வாங்கவில்லை, எதையும் நினைக்கவும் இல்லை.

இருமல் எந்த நாளில் போனது என்று அவருக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் ஸ்பிரே தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தான். "பெருசு, இன்னிக்கு நீங்க இருமவே இல்லையே?"

"இரும மறந்துட்டேன். உனக்கென்ன?"

மறுநாளும் இல்லை. அதற்கடுத்த வாரம் எப்போதாவது ஒரு செருமல், அவ்வளவுதான். அக்கா மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மச்சான் மெஷினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "வரேன் மாமா" என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டு வேறொரு கடைக்குப் போனான்.

கறார் மாமா சேருக்குப் பின்னால் வந்து நின்றார். கத்தியில் புது பிளேடு மாட்டினார். உட்கார்ந்தவன் காலேஜ் பையன். காதுக்கு மேலே ஒரு கோடு போடச் சொன்னான். "உன் மண்டைக்குக் கோடு நிக்காது" என்று வழக்கம்போல வெட்டிவிட்டார். கை ஒழுங்காக ஓடியது. கழுத்தில் கத்தி ஒருதரம்கூட நிற்கவில்லை. சந்தோஷம் என்று ஒன்று வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. டவலை உதறினார். அடுத்த ஆள் உட்கார்ந்தான்.

டாக்டரம்மாவிடம் கடைசியாகத் தனியாகத்தான் போனார். மகள் வேலைக்குப் போயிருந்தாள், அக்கா மகனை அவர் கூப்பிடவில்லை.

"இருமல் நின்னுடுச்சுன்னு உங்க மக போன்ல சொன்னாங்க" என்றாள் டாக்டரம்மா. "நல்லது ஐயா. மாத்திரையை டக்குன்னு விட்டுடாதீங்க. இப்ப பாதி அளவு எழுதறேன், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்படியே நிறுத்திடலாம். சேர்ல மட்டும் சாயாதீங்க."

"ஒண்ணு கேக்கவாம்மா? சேர்னாலதான் இருமல் வந்துச்சுன்னா மாத்திரை எதுக்கு? மாத்திரைதான் நிறுத்துச்சுன்னா சேரை எதுக்கு விடணும்?"

"ரெண்டும் சேர்ந்துதாங்க வேலை செய்யுது."

"ரெண்டும்னு சொன்னா, ரெண்டுல எதுன்னு உங்களுக்கும் தெரியலைன்னு அர்த்தம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "இருமல் நின்னுச்சா, இல்லையா?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்னங்க?"

"நின்னது எனக்குத் தெரியும்மா. நிறுத்தினது யாருன்னுதான் தெரியல. தானா வந்தது, தானா போயிருக்கும். நடுவுல நீங்க எல்லாரும் பேர் வாங்கிக்கிட்டீங்க."

அவள் சீட்டை நீட்டினாள். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்துக் கடையில் வரிசையில் நின்று, சீட்டில் இருந்ததை வாங்கினார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது ஒவ்வொன்றும். இதுவா போய் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு தொண்டையைக் காவல் காத்தது?

"நல்லா ஏமாத்தறாங்க" என்றார், பணம் வாங்கிய பெண்ணிடம்.

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படி இறங்கிவிட்டார். கடையில் ஆட்கள் காத்திருப்பார்கள். கறார் மாமா தலையை ஆட்டிக்கொண்டே, வெயிலில், பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார்.