இருபது பேர் வாசித்த தட்டு

பட்டணத்திலிருந்து இசைத்தட்டு பிடிக்க வந்தவருக்கு மூளை கொஞ்சம் பிசகியிருக்க வேண்டும் என்றுதான் விக்கிரமங்கலம் நினைத்தது. நாகசுரம், தவில், உறுமி, தப்பு, கொம்பு என்று இருபது பேரைப் பண்ணைக்காரி புஷ்பவல்லி அம்மாளின் களத்துமேட்டில் உட்காரவைத்து, "பாட்டு வேணாம், ஒத்திகை வேணாம். அடுத்தவர் வாசிக்கிறதைக் கேட்டு, அவங்கவங்களுக்குத் தோணுறதை வாசிங்க. நடுவுல மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது" என்றார்.

களேபரமாகத்தான் தொடங்கியது. போகப்போக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சூடேறியது. தப்பு அடிக்கிற அரியமுத்து தன்னை மறந்தான். மறந்ததுதான் வினை. அந்த வருஷம் ஊரெல்லாம் காலரா. கல்யாணத்தை யார் கண்டார்கள், சாவுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தான். சிதைக்குக் கொள்ளி வைக்கும்போது மட்டும் அடிக்கிற அடிக்குக் கை தானாகப் போய்விட்டது. அப்புறம்தான் உணர்ந்தான். மாற்றலாம் என்றால், உறுமியும் தவிலும் அதற்குள் அதையே பிடித்துக்கொண்டன. பழகிய கைகள் அல்லவா! இருபது பேரும் கொள்ளி அடியில் போய் நின்றார்கள்.

அம்மாளின் ஒரே மகன் வேணுகோபால் பர்மா சண்டையில் இருந்தான். அவனிடமிருந்து கடிதம் நின்று வெகுநாளாயிற்று.

களத்தைவிட்டு இறங்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாகசுரக்காரர் கண்ணையன் மட்டும் அரியமுத்துவிடம், "வாயைத் தொறந்தே, எல்லாரும் தொலைஞ்சோம்" என்று முணுமுணுத்தார்.

தட்டு வந்ததும் அம்மாள் அரியமுத்துவுக்கு ஆள் அனுப்பினாள். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் புருஷன் செத்தபோதும் இதே அடியை அவன்தான் அடித்தான். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை, அவள் காதில் விழுந்திருக்காது. அந்த ஒன்றுதான் அவனுக்குத் தைரியம்.

அம்மாள் கிராமபோன் முள்ளைத் தூக்கி, சரியாக அந்த இடத்திலேயே வைத்தாள்.

"இந்த எடத்தைக் கேக்குறப்பல்லாம் எம்புள்ள நடந்து வர்ற மாதிரியே இருக்குடா. இது என்ன அடி?"

"வரவேற்பு அடிங்கம்மா." பயத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அவன் வர்றன்னிக்கு அரியலூர் ரயிலடியிலேருந்து வூடு வரைக்கும் இதையேதான் அடிக்கணும். இருபது பேரும் வந்துடணும், என்ன?"

"சரிங்கம்மா."

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் வேணுகோபால். அந்த அடி அவனுக்குத் தெரியும். அவன் வந்து இறங்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று ஒரு கணம் நினைத்துவிட்ட அரியமுத்து, பதறிப்போய் நடுத்தெருவில் தன் வாயிலேயே மாறிமாறி அறைந்துகொண்டான்.