ஆறிய என்ஜின்

காலையில் காரை ஸ்டார்ட் செய்வதென்றாலே சிவபாதசுந்தரத்துக்கு இப்போதெல்லாம் பயம். சாவியைத் திருப்பியதும் கடகடவென்று ஒரு சத்தம், தகரப் பேணிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. கொஞ்ச நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போல அந்தப் பழைய ஜப்பான் கார் நல்ல பிள்ளையாக ஓடத் தொடங்கிவிடும். பிறகு அன்று முழுக்கக் கெஞ்சினாலும் அதன் வாயிலிருந்து அந்தச் சத்தத்தை வாங்க முடியாது.

சத்தம் வருகிற நேரத்தில் அவரைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இருப்பதில்லை என்பதுதான் பெரிய தொல்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் அவர்களுடைய மாடிக் குடியிருப்பு. நிலத்தளத்தில் மதிலோரமாகக் கார்கள். அவருடைய கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, முதலாம் மாடியில், அவர் வீட்டுக் குசினி. விடியவே எழும்பி அங்கே தேத்தண்ணீர் வைக்கும் மனைவி கனகேஸ்வரியிடம் கேட்டுப் பார்த்தார்.

"சத்தமோ? எனக்கொண்டும் கேக்கேல்லையப்பா. கடற்கரைத் தண்டவாளத்திலை கோச்சி போயிருக்கும்" என்றாள் அவள்.

கல்கிசையில் இருக்கும் மகள் மிதுனா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து தானே ஸ்டார்ட் செய்து பார்த்தாள். அன்று காலை அவர் சந்தைக்கு ஓடிவிட்டு வந்திருந்தார். என்ஜின் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. மிதுனா தாயைப் பார்த்தாள், தாய் நிலத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைப் பரிமாற்றம் சிவபாதசுந்தரத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மிதுனாவுக்கு ஏற்கெனவே அவர் கார் ஓடுவதில் ஒரு பயம். சில வாரங்களுக்கு முன் பாமன்கடைச் சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளையொன்று காருக்கு முன்னால் வந்துவிட்டது. கடைசி நேரத்தில் பிரேக் பிடித்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தண்ணீர்ப் போத்தல்தான் உருண்டு போனது. பிள்ளை குறுக்கே பாய்ந்துவிட்டதென்று அவர் மகளிடம் சொன்னார். பக்கத்து சீட்டில் இருந்த கனகேஸ்வரி வாய் திறக்கவில்லை. அன்று முதல் மிதுனா காரை விற்கச் சொல்லி அரித்துக்கொண்டிருந்தாள். இப்போது இந்தச் சத்தமும் அவளுக்கு வாய்ப்பாகப் போய்விட்டது.

"இல்லாத சத்தம் கேக்கிற ஆளை எப்பிடி அப்பா பஸ் நெருக்கிற காலி வீதியிலை ஓட விடுறது? மெக்கானிக் ஒருக்கால் கேட்டுட்டு, சத்தம் இருக்கெண்டு சொல்லட்டும். நான் பிறகு வாயே திறக்கமாட்டன். அவருக்கும் கேக்காட்டி நீங்கள் சாவியைத் தரவேணும்."

"தாறன்" என்றார் சிவபாதசுந்தரம், வீறாப்பாக.

வீறாப்புப் பேசுவது சுகம். தெமட்டகொடையில் மெக்கானிக் ரிப்கானின் கராஜுக்கு இரண்டு தரம் போனார். வெள்ளவத்தையிலிருந்து அங்கே போவதென்றால் சந்திக்குச் சந்தி நின்று, ஹோர்ன் சத்தத்தில் தலை வெடித்து, கடைசியில் போய்ச் சேரும்போது என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். கடகடவாவது, ஒன்றாவது. ரிப்கான் பொறுமைசாலி. காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டான்.

"ஒரு சத்தமும் இல்லயே அங்கிள். ஆனா நீங்க சொல்றது டைமிங் செயினா ஈக்கும். ராவு முழுக்க நிண்டா ஒயில் எல்லாம் கீழ எறங்கிரும். காலயில அது மேல ஏறுற வரைக்கும் செயின் லூசா அடிக்கும். வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க, ஆறினதுக்குப் பொறகு நான் பாக்குறேன்."

விட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லை. கார் ஒரு இரவு வெளியில் நின்றால், மிதுனா அங்கிருந்தே விற்றுவிடுவாள் என்ற பயம். அவருடைய முகத்தைப் பார்த்து ரிப்கானே இரங்கினான். திங்கட்கிழமை காலை அந்தப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகவும், அதற்கு முன் வீட்டுக்கே வருவதாகவும் சொன்னான்.

"நான் வாற வரைக்கும் என்ஜின தொடவே வாணாம் அங்கிள்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தொடவில்லை. கோயிலுக்குக்கூட த்ரீவீலில் போனார். திங்கட்கிழமை விடியத் தலை சீவி, ரிப்கானுக்குத் தேத்தண்ணீரோடு கொடுக்க மீன் வைத்த மாலுபாணும் பேப்பரும் வாங்கக் காலி வீதிக்கு நடந்தார். இன்றைக்கு மானம் கப்பலேறாமல் தப்பிவிடும் என்று நினைக்கவே கால்கள் இலேசாக இருந்தன.

திரும்பி வந்தபோது கார் கேட்டுக்கு வெளியே நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பகல் காவலாளி ஒஸ்வால்ட் கதவைத் திறந்து இறங்கி, கல்யாண வீட்டுச் சாரதி மாதிரிச் சாவியை நீட்டினான். மேல் படியில் கனகேஸ்வரி திருநீற்றோடு நின்றாள்.

"ஆர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னது?" அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"கத்தாதேங்கோ. ஏழரைக்கு ராகுகாலம் தொடங்குது. ரிப்கான் தம்பி வர எட்டாகும். ராகுகாலத்திலை போய் என்ஜினைத் திறக்கிறதே? அதுதான் முன்னுக்கே எடுத்து வெளியிலை விடுவிச்சனான். இனி வேலை தொடங்கினமாதிரித்தானே."

இந்த வீட்டின் வழக்கமே அதுதான். யாழ்ப்பாணம் போகிற திங்கட்கிழமைகளில் சூட்கேசை ஏழரைக்கு முன் காரில் ஏற்றி, ஒழுங்கை முகப்பு வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து, ஆறுதலாக இடியப்பம் சாப்பிட்டு எட்டரைக்குக் கிளம்பியவர் அவரேதான். பயணம் ராகுகாலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டதென்று ராகுவை ஏமாற்றிய திருப்தி அப்போது அவருக்கும் இருந்தது.

ரிப்கான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பொனற்றில் கையை வைத்தவன் சட்டென்று எடுத்தான்.

"என்ன அங்கிள், சுட்டுக்கெடக்கே!"

நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தான். கடகடவென்ற சத்தம் ஒரு முனகலாகக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஃபோன் வந்தது, கதைத்துக்கொண்டே ஒழுங்கைப் பக்கம் ஒதுங்கினான். சிவபாதசுந்தரம் மாலுபாண் பையோடு மதிலில் சாய்ந்தார். அலுப்பு அலுப்பாக வந்தது. கிழவனாவதைவிட, கிழவன் என்று நிரூபிக்கப்படுவதுதான் பெரிய அலுப்பு.

ஒஸ்வால்ட் தலையைச் சொறிந்துகொண்டு கிட்ட வந்தான்.

"சேர், கோவிக்காதீங்க. கடகடன்னு சத்தம் வந்திச்சு, நான் பயந்து நிப்பாட்டத்தான் போனேன். மேடம்தான் குசினி ஜன்னல்ல இருந்து சொன்னாங்க. 'அது காலமையில அப்பிடித்தான், இப்ப நிண்டிரும், நல்லா சூடாகும் வரைக்கும் ஓட விடு' எண்டு."

அவர் ஒஸ்வால்டின் முகத்தையே பார்த்தார். பிறகு மாடிப்படி ஏறினார்.

கனகேஸ்வரி அடுப்படியில் நின்றாள். அந்தக் குசினி ஜன்னலருகே அவர் காலை நேரத்தில் நின்றதே இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே அவருடைய கார் நிற்கும் இடம், கையால் தொடலாம் போல.

"நீர் கேட்டுக்கொண்டுதான் இருந்தனீர்."

அவள் அடுப்பை நிறுத்தினாள். "ஓம். ஒவ்வொரு நாளும் கேக்குது."

"அப்ப என்னை ஏன் விசரனாக்கினீர்?" இவ்வளவு காலம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியவள், மகளோடு சேர்ந்து தன்னைப் பார்த்த அந்தப் பார்வையை நினைக்க நினைக்க அவருக்கு எரிந்தது.

"வேறை என்னத்தைச் செய்யிறது? கண் டொக்டரிட்டைப் போவம் எண்டு எத்தினை தரம் கேட்டுட்டன்? பாமன்கடையிலை அந்தப் பிள்ளை குறுக்கை பாயேல்லை. றோட்டுக் கடவையிலை, கையைக் காட்டிக்கொண்டு, மெள்ள நடந்து வந்தது. நான் குளறினாப் பிறகுதான் நீங்கள் பிரேக் போட்டனீங்கள். மகளுக்கு முன்னாலை உங்களைக் காட்டிக்குடுக்க எனக்கு வாய் வரேல்லை. சத்தத்தைச் சாட்டியாவது அவள் சாவியை வாங்கட்டும் எண்டு விட்டன். ஒவ்வொரு நாளும் நீங்கள் திரும்பி வருமட்டும் எனக்கு உயிரில்லை."

அவர் ஸ்டூலில் இருந்தார். அந்தப் பிள்ளையை அவர் காணவில்லை என்பது உண்மை. இடது பக்கப் பார்வையில் கொஞ்சக் காலமாகவே ஒரு புகைமூட்டம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தார், வெயிலில் பழியைப் போட்டும் பார்த்தார். அது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். வெட்கத்தில் அவரால் தலை நிமிர முடியவில்லை.

ஃபோன் அடித்தது. மிதுனா. கைக்கு வசதியென்று எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பது அவர் வழக்கம்.

"அப்பா, என்ன சொல்லுறார் மெக்கானிக்? சத்தம் கேட்டதா?"

கீழே ஒஸ்வால்ட் என்ற சாட்சி இருந்தான். நாளைக்கு வரச் சொன்னால் ரிப்கானும் வருவான். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி அவரிடமே இருக்கும், பொய்க்காரி என்ற பெயர் கனகேஸ்வரிக்குப் போகும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இல்லைப் பிள்ளை. ஒரு சத்தமும் இல்லை. எனக்குத்தான் ஏதோ பிழை. பின்னேரம் வந்து சாவியை எடுத்துக்கொண்டு போ."

மறுபக்கத்தில் வென்றவள் அழுகிற மாதிரி இருந்தது. "அப்பா… பயப்பிடாதேங்கோ. மூளை டொக்டர் ஒராளைக் காட்டுவம். நான் லீவு போட்டுட்டு வாறன்."

கனகேஸ்வரி பாய்ந்து ஃபோனைப் பறித்தாள்.

"இஞ்சை பார் பிள்ளை, அப்பான்ரை மூளையிலையும் பிழையில்லை, காதிலையும் பிழையில்லை. சத்தம் இருக்கு. நான்தான் உனக்குப் பொய் சொன்னனான். அவருக்குக் கண்தான் சரியில்லை. பாமன்கடையிலை அந்தப் பிள்ளையை அவர் காணேல்லை. கண் டொக்டருக்கு நம்பர் எடு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இனி ஆரும் அவரை அப்பிடிப் பாக்கிறேல்லை. நீயும்தான்."

சிவபாதசுந்தரத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. தோற்ற ஆளுக்கு இவ்வளவு ஆறுதல் எங்கிருந்து வருகிறதென்று அவருக்கே விளங்கவில்லை. கீழேயிருந்து ரிப்கான் கூப்பிட்டான்.

"அங்கிள், இப்ப என்ன செய்யிறது? நாளக்கி வரட்டா, வாணாமா?"

அவர் ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார்.

"வாரும் தம்பி. இனி இதை நான் ஓடப்போறேல்லை. எண்டாலும் அந்தச் சத்தத்தை நீர் ஒருக்கால் கேக்கவேணும்."