அத்தையின் வாட்சுக்கு ஒரு டயல்

என் மாமியார் கப்பலின் அடிவயிற்றைத் தட்டிப் பார்க்கிறவர். தண்ணீருக்குள் இறங்கி, தகடு எங்கே அரித்திருக்கிறது, எங்கே சிப்பி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. முப்பது வருடமாக அவர் கையில் இருந்தது ஒரே வாட்ச், கல்யாணமான புதிதில் மாமா வாங்கிக் கொடுத்தது. அது நின்றுபோனதும் நேராக என் மேஜைக்கு வந்தார். நான் வாட்ச் ரிப்பேர் செய்பவள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இதை எந்தக் கடையிலயும் குடுக்க எனக்கு மனசு வரல. அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேன். கடைசியா இறங்குறப்ப இது என் கையில இருக்கணும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில்தான் கெட்டேன்.

உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் சரிசெய்தது ஒரு நாள் வேலை. அதோடு விட்டிருக்கலாம். டயலில் ஆறு மணிக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு கறை. டயலில் ஈரம் படக்கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. தெரியாதா எனக்கு? தெரியும், ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பஞ்சு நுனியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒத்தினேன். கறை அப்படியே இருந்தது. அதற்கு மேலே, எவ்வளவு ஆழம் தாங்கும் என்று அடியிலும் மீட்டரிலும் எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் பஞ்சோடு வந்துவிட்டன.

"ஒரு பார்ட் வரணும் அத்தை" என்று சொல்லி வைத்தேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

நல்லவேளை, கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. அகப்பட்ட டயலில் எல்லாம் மீட்டர் மேலே, அடி கீழே. அத்தையுடையதில் மட்டும் அடி மேலே, மீட்டர் கீழே. அப்படியென்றால் கிடைப்பதற்கரிய ரகம் ஒன்றை அழித்துத் தொலைத்திருக்கிறேன்!

"மணி காட்டினா போதாதா?" என்றான் என் கணவன். நான் அவனை வாட்ச் ஞானத்துக்காகக் கட்டிக்கொள்ளவில்லை.

கடைசி வாரமும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அத்தை இறங்க வேண்டும். புதனன்று ரயிலேறி, பழைய உதிரிபாகங்கள் சேர்க்கும் ஒருவரைப் பார்க்கப் போனேன். டயல்களை பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி வைத்திருப்பதால் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு டப்பா அண்ணன் என்று பெயர். படத்தைப் பார்த்தார், நான் பாழாக்கிய டயலை லென்ஸ் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"எத்தனை நாளா தேடுற தங்கச்சி?"

"அஞ்சு வாரம்ணே."

"அம்பது வருஷம் தேடினாலும் கிடைக்காது. அடியை மேல போட்டு இந்த மாடல் வந்ததே இல்ல. தகடு அசல்தான், பின்னாடி முத்திரை இருக்கு பாரு. முன்பக்கம் யாரோ மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்க. இது கூடவா உன் கண்ணுல படல?"

பட்டிருக்க வேண்டும். எழுத்து தடித்து, ஓரமெல்லாம் பிசிறடித்திருந்தது. வேறு யாருடைய வாட்ச் என்றாலும் ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன். மாமியார் வாட்சைச் சந்தேகப்படும் நெஞ்சழுத்தம் எனக்கில்லை.

மூன்றாவது டப்பாவில் சரியான டயல் இருந்தது. அதே வருடம், மினுமினுப்பில்லாத கறுப்பு, பின்னால் டயலைப் பொருத்தும் இரண்டு கால்களும் அதே இடத்தில். ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் சந்தோஷப்பட முடியவில்லை. இதை மாட்டினால் அத்தை பார்த்தவுடன் கேட்பார். உண்மையைச் சொன்னால், மாமா ஆசையாகக் கொடுத்த பரிசே போலி முகத்தோடு வந்தது என்று ஆகிவிடும். நான் அழித்ததை விட அதுதான் பெரிய பாவமாகத் தோன்றியது.

வியாழனன்று துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. மாமா காதுல விழுந்துடப் போகுது."

"அத்தை?"

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி உள்ள தண்ணி போயிடுச்சு. நானே திறந்து, நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணியால துடைச்சேன். எல்லாம் போச்சு. போர்டு எழுதுற ஒருத்தர்கிட்ட என் ஞாபகத்துல இருந்ததைச் சொல்லி எழுதி வாங்கினேன்."

"ஞாபகத்துல அடி மேல போயிடுச்சா?"

"போயிடுச்சு. அதுக்கப்புறம் எந்த வாட்ச் கடைப் பக்கமும் போகல, கண்டுபிடிச்சுடுவாங்களேன்னு. நீ சின்னப் பொண்ணு, கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்பு முந்திக்கொண்டது. மடித்த துணியெல்லாம் கலைய இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எனக்கிருந்த பயம் அன்றைக்குத்தான் விட்டது.

வெள்ளிக்கிழமை காலை, நான் டயல் மாற்றிக் கொடுத்த வாட்சைக் கட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தை வாசலில் நின்றார். மாமா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"மீட்டர் மேல வந்துடுச்சே" என்றார். "இருபத்திரண்டு வருஷமா கீழல்ல இருந்துச்சு?"

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. "தெரியுமா உங்களுக்கு? அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா கழட்டி உள்ள வெச்சிருப்ப. எழுத்து எப்படி இருந்தா என்ன, நீ கையில கட்டியிருந்தியே."

எத்தனை அடி ஆழத்திலும் அசராத அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "நேரமாச்சு" என்றார், வாட்சைப் பார்க்காமலே.