முழு விலாசம்

அக்கா திலகாவின் இடது காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியை சுகிர்தா பிரித்துக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் அவளே கட்டியதுதான். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு, இழுக்க இழுக்கத் தோலையும் சேர்த்துக்கொண்டு வந்தது. வலிக்குமோ என்று கை தயங்கியது. இனி வலிக்காது என்று புத்திக்குத் தெரிந்தது, கைக்குத்தான் தெரியவில்லை.

"வெந்நி ஊத்தி நனைச்சிட்டு இழுங்க சின்னக்கா. தானா வந்துடும்" என்றாள் இளவரசி.

சபையில் எந்தப் பெண் செத்தாலும் குளிப்பாட்ட மகளிர் ஐக்கியத்திலிருந்து ஐந்து பேர் வருவார்கள். சுகிர்தாதான் ஐக்கியத்தின் காரியதரிசி. பதினோரு வருடமாக யார் யாருக்கோ வெள்ளைப் புடவை கட்டித் தலை சீவிவிட்டிருக்கிறாள். இன்று அவள் வீட்டுச் சாவுக்கு ஒருத்தியும் வரவில்லை. ஒருத்திக்கு மூட்டுவலியாம், ஒருத்திக்கு நூறுநாள் வேலையாம், ஒருத்தி போனையே எடுக்கவில்லை. வந்தவள் இளவரசி மட்டும்தான். காஞ்சிபுரத்தில் திலகாவோடு ஒரே அறையில் இருந்தவள், திலகா செய்த அதே தொழிலைச் செய்கிறவள். நெற்றியில் குங்குமத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

திலகா காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். சாவுச் செய்தி வந்த அரைமணிக்குள் சபையின் கோயில் மணி அடிப்பது வழக்கம். பத்தரை ஆகியும் அடிக்கவில்லை. உத்திரமேரூரிலிருந்து சவப்பெட்டிகூட வந்து இறங்கிவிட்டது. மணிச்சத்தம்தான் வரவில்லை.

குளிப்பாட்டித் திண்ணையில் கிடத்திய பிறகு, பதினோரு மணிக்கு பாஸ்டர் சாம்சன் வந்தார். கூடவே சபை மூப்பர் அருள்தாஸ். சபைக்குக் கல்லறைச் சிலுவைகள் செய்து தருகிற தச்சர் அவர், எழுபது வயதுக்காரர், சுகிர்தாவின் செத்துப்போன அம்மா சிட்டம்மாளுக்குத் தூரத்து அண்ணன் முறை. இருவருக்கும் சுகிர்தா பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். பாஸ்டர் பிணத்தின் தலைமாட்டில் நின்று கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது நிஜமாகவே ஈரமாக இருந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். வெள்ளத்தின்போது கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நாலு பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்தவர்.

"சுகிர்தா, எங்க வெக்கணும்னு ஆசைப்படறம்மா?"

"அம்மா பக்கத்துல ஐயா. கோயிலு பின்னாடி. எடம் கீதில்ல."

"இடம் இருக்கு. கமிட்டியிலதான் மூணு பேர் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அதனால ஒரு வழி யோசிச்சேன். கடைசி நேரத்துல அக்கா பாவத்த அறிக்கை பண்ணி மனந்திரும்பினாங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. நீ கூடவே இருந்த, நீ எழுதினா யாரும் மறுக்க முடியாது. நான் பேசிக்கறேன்."

அருள்தாஸ் தொண்டையைச் செருமினார். "ஆண்டவரு கல்லெடுத்தவங்களத்தான் மொதல்ல வூட்டுக்கு அனுப்பினாரு பாஸ்டர். விபசாரத்துல புடிச்சாந்த அந்தப் பொண்ணாண்ட லெட்டரு ஒண்ணும் எழுதி வாங்கல."

"இனிமே பண்ணாதேன்னும் சொன்னாரே மூப்பரே. அத விட்டுட்டுப் பேசறீங்க."

"சொன்னாரு. கூட்டம் கலைஞ்சப்புறம் சொன்னாரு. அது அவருக்கும் அவளுக்கும் நடுவுல."

பாஸ்டர் அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரெண்டு வரி போதும்மா" என்று சுகிர்தாவிடமே மறுபடியும் சொன்னார்.

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். எழுதுவது அவளுக்குப் புதிதில்லை. சத்துணவு அமைப்பாளர், முத்து முத்தான கையெழுத்து. கோயில் கரும்பலகையில் வாரா வாரம் வசனம் எழுதுவது அவள்தான், கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற சிலுவைகளில் பாதிக்கு மேல் பெயர் எழுதியதும் அவள்தான். ஆனால் இந்த லெட்டரில் எழுத வேண்டியது பொய். திலகா எதையும் அறிக்கை செய்யவில்லை. மூன்று வாரம் இதே கட்டிலில் கிடந்தவள், கஞ்சி வேண்டும் என்றாள், ஃபேனைக் குறை என்றாள், பாவம் என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கவே இல்லை.

அந்த வார்த்தை அவர்களுக்கு இடையே வந்தது போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரத்தில். அந்தத் தொழிலைக் குற்றம் இல்லை என்று ஆக்கிவிடப் போகிறார்கள், ஆக்கக் கூடாது என்று மனு ஒன்று சபைக்கு வந்திருந்தது. சுகிர்தா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். ஊருக்கு வந்திருந்த திலகா அந்தத் தாள்களை எடுத்து மெதுவாக, எழுத்துக் கூட்டி, கடைசி வரை படித்தாள்.

"இதுல நீயும் போட்டுக்கிற."

"பாவத்தப் பாவம்னு சொல்ல வேணாமா அக்கா?"

"சொல்லேன். யாரு வேணான்னது? கோயில்ல சொல்லு. ஸ்டேஷன்ல இன்னாத்துக்குச் சொல்ற? முன்ன கம்பெனில பன்னண்டு மணி நேரம் நின்னு காலு வீங்கினப்ப எவனும் மனு போடல. இப்ப எவனாவது என்ன அடிச்சான்னா ஸ்டேஷனுக்குப் போவ முடியாது. போனா என்னையே புடிச்சி உள்ள வெப்பான். ஒங்க மனு அதத்தான் கேக்குது."

"சட்டம் வுட்டுட்டா ஊரே கெட்டுப் போயிடும்."

"சட்டம் இருந்துக்கினு இருக்கறப்பவே என்னாண்ட வர்றவன் எந்த ஊருக்காரன், எந்தக் கோயில்காரன்னு சொல்லட்டா?"

சுகிர்தா காதைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே திலகா பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் சுகிர்தா கோயில் வாசலில் இருக்கிற ஜெபப் பெட்டியில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டாள். அந்தப் பெட்டியைப் பாஸ்டர் மட்டும்தான் திறப்பார், ஜெபித்துவிட்டு எரித்துவிடுவார். அதை அவரே பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் "என் குடும்பத்துக்காக" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். சுகிர்தாவுக்கு அது போதவில்லை. சத்துணவுக் கூடத்து ரிஜிஸ்டரில் விவரம் அரைகுறையாக இருந்தால் எந்த மேலதிகாரியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். அந்தப் பழக்கத்தில் ஆண்டவருக்கும் பெயர், வயது, தெருப் பெயர், கதவு எண், மாடிப்படி எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு மேல் ஆள் வருகிறது என்று முழு விலாசமும் எழுதிவைத்தாள். "இந்த இடத்திலிருந்து என் அக்காளை விடுவியும்" என்று முடித்திருந்தாள்.

பத்து நாளில் போலீஸ் அந்த வீட்டில் புகுந்தது. திலகா மேல் கேஸ் விழுந்தது, நாலு மாதம் ஏதோ ஒரு காப்பகத்தில் அடைத்து வைத்தார்கள். அங்கே சர்க்கரை மாத்திரை ஒரு நாள் கொடுத்தால் ரெண்டு நாள் கிடையாது. செருப்புக் கடித்த இடம் புண்ணாயிற்று. வெளியே வந்தபோது வீட்டுக்காரன் சாமானைத் தெருவில் போட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயரும் விலாசமும் கேட்பார்கள் என்று போகாமலே இருந்தாள். கால் கறுத்த பிறகுதான் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். ஆண்டவர் எப்படியோ விடுவித்துவிட்டார் என்றுதான் சுகிர்தா அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்தாள். பேனா மூடியைத் திறந்தபோது இளவரசி வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னா எழுதப் போறீங்க சின்னக்கா?"

"அக்கா மனந்திரும்பினான்னு. எழுதினாத்தான் அம்மா பக்கத்துல வெப்பாங்களாம்."

இளவரசி உள்ளே வந்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து திலகாவின் பையை இழுத்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். கேஸ் காகிதக் கட்டு ஒன்று வந்தது. அதிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை உருவி நீட்டினாள்.

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினா. சாவற வரைக்கும் காப்பாத்திட்டேன். நீங்க திரும்பவும் எழுதறேன்னு ஒக்காந்ததும் மனசு கேக்கல. வக்கீலு குடுத்த கட்டுல இது இருந்துச்சி. போலீசுக்கு மொதல்ல போன காயிதம் இதுதான்."

முத்து முத்தான எழுத்து. பெயர், வயது, தெரு, கதவு எண், மாடிப்படி இடது பக்கம். கடைசி வரியின் மேலேயே எவனோ ஒருவன் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தான்.

சுகிர்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். தெரிந்துதான் இந்த வீட்டுக்கு வந்தாள், இவள் கையால் கஞ்சி குடித்தாள், இவள் மடியில் காலை நீட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டாள். போன வாரம் ஒருநாள், "ஒனக்காக ஜெபம் பண்ணட்டுமா அக்கா?" என்று இவள் கேட்டதற்குத் திலகா சிரித்தாள். "பண்ணு. மனசுக்குள்ளயே பண்ணு. எழுதி மட்டும் வெக்காத" என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள் சுகிர்தா.

எழுந்து வெளியே போனாள். பாஸ்டர் லெட்டர்தான் என்று நினைத்துக் கையை நீட்டி வாங்கினார். பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று.

"எரிச்சிடுவேன்னு சொன்னீங்களே ஐயா."

"அம்மா... நான் கெடுதல் நினைச்சு செய்யல. தெரிஞ்ச அதிகாரி ஒருத்தர் இருந்தாரு. சட்டம் எதுக்கு இருக்கு? மீட்டு எடுக்கத்தானேன்னு நெனச்சேன். காப்பகத்துல ரெண்டு மாசம் இருந்தா மனசு மாறும்னு..."

"நான் ஆண்டவருக்குத்தான எழுதினேன்."

"ஆண்டவர் மனுஷங்க கையாலதானேம்மா வேலை செய்யறாரு?"

"அவருக்கு எங்கக்கா வூடு தெரியாதா?" தாளில் இருந்த விலாசத்தைக் காட்டினாள். "எட்டு மாசமா அவளுக்கு, எழுதினது யாருன்னு தெரிஞ்சிருக்குது ஐயா. என் எழுத்து அவளுக்குத் தெரியாதா? ஒங்கள நம்பித்தான் போட்டேன். நீங்க என் கையாலயே அவள..."

அருள்தாஸ் அந்தத் தாளைப் பாஸ்டர் கையிலிருந்து வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "லெட்டர் வேணாம். நான் கமிட்டிகிட்ட பேசறேன். கோயில்லயே வெச்சிடலாம்" என்றார்.

"வேணாங்க ஐயா" என்றாள் சுகிர்தா. "அங்க வெக்க வேணாம்."

அம்மா பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது, அதை வேண்டாம் என்று சொல்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவை நினைத்து அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கோயில் மணி அடித்தது. பாஸ்டரே அடித்தாரோ, ஆள் விட்டு அடிக்கச் சொன்னாரோ, யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஊர்வலம் கோயில் தெருப்பக்கம் திரும்பாமல் நேரே ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போனது. அங்கே குழி தயாராக இருந்தது. அருள்தாஸ் தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னார். இளவரசி ஒரு பிடி மண்ணை நெற்றியில் தொட்டுக்கொண்டு போட்டாள்.

மண் மூடியதும் அருள்தாஸ் சைக்கிளில் கட்டியிருந்த சிலுவையை அவிழ்த்து வந்தார். காலையிலேயே செய்து வெள்ளை அடித்து வைத்திருந்தது. கூடவே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கறுப்புப் பெயின்ட், ஒரு பிரஷ்.

"நீதானம்மா எல்லாருக்கும் எழுதுவ" என்றார்.

சுகிர்தா பிரஷை வாங்கிப் பெயின்ட்டில் தோய்த்தாள். குறுக்குக்கட்டையின் வெள்ளைக்கு நேராகக் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. பிரஷ் நுனியிலிருந்து ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது, பிறகு இன்னொரு சொட்டு. அருள்தாஸ் சிரட்டையை ஏந்திப் பிடித்தபடி நின்றார். சுகிர்தா பிரஷைச் சிரட்டையிலேயே போட்டுவிட்டு, சிலுவையில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். கால்மாட்டில் குழி தோண்டி அதை அப்படியே நட்டு, சுற்றி மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் அமுக்கினாள்.