ஒரு நாள் முந்திய அமாவாசை

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த நெசவாளர் தெருவுக்குப் படிப்பகத்துக் கரும்பலகைதான் வேதம். சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் கலியாணசுந்தரம் சாக்கட்டியோடு வந்துவிடுவார். வரலாறு, இயற்கை, கலை, நாட்டு நடப்பு என்று நாலு கட்டம். ஓரத்தில் 'நாளை' என்று ஒரு வரி. பத்து வருஷமாக அதைப் படித்துப் பழகி, தெருவில் பஞ்சாங்கம் புரட்டுவதையே விட்டுவிட்டார்கள். அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரு முள்ளும் இருந்தது. படிப்பகச் செயலாளர் வேணுகோபால். "ஒரே ஒரு தப்பு வரட்டும்பா, சாக்கட்டி என் கைக்கு வந்துரும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிவைப்பார்.

அந்த ஆனி மாதம் அமெரிக்கர்கள் நிலவுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையோடு கலியாணசுந்தரம் நாள்காட்டியில் மறுநாளைப் பார்க்கத் தாளைத் தூக்கினார். கஞ்சிப் பசையில் இரண்டு தாள் சேர்ந்து எழும்பின. அமாவாசைக் கறுப்பு வட்டம் கண்ணில் பட்டது, தேதி படவில்லை. போய் எழுதிவிட்டார்: 'நிலவுக்குப் பயணம், இன்னும் நான்கே நாள். நிலவின் தொலைவு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மைல். நாளை அமாவாசை.'

அமாவாசை என்றால் தெருவில் ஒரு தறியும் ஓடாது. தலைமுறை தலைமுறையாக அன்றுதான் நெசவுக்கு விடுமுறை.

விடியற்காலையில் தண்ணீர் சேந்தப் போன மனைவி வடிவாம்பாள் கிணற்றடியிலிருந்தே கூப்பிட்டாள். "ஏங்க, அமாவாசைன்னு எழுதினீங்களே, கிழக்கால நெலா கீத்தாட்டம் தொங்கிக்கினு இருக்குதே, அது இன்னா?"

கலியாணசுந்தரம் ஓடிப்போய் நாள்காட்டியைப் பார்த்தார். அமாவாசை மறுநாள்தான். தெருவில் அதற்குள் எல்லாரும் தலை முழுகியாகிவிட்டது. எதிர்வீட்டுக் கங்கையம்மாள் வடைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் சாக்கட்டி போச்சு. பயத்தில் திறக்கவில்லை. அதற்காக நாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பலகை முன்னால் தெருவே கூடியது. நாள்காட்டியைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார் வேணுகோபால். "நெலாவுக்கு எத்தினி மைலுன்னு தெரியுது. நெலா மேல இருக்குதா இல்லியான்னு தெரியலியே!"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. கலியாணசுந்தரம் சாக்கட்டியை நீட்டினார்.

"இருங்கப்பா" என்றாள் கங்கையம்மாள். "படையல் சோத்த காக்கா வந்து தின்னுச்சில்ல? எங்க மாமனாரு ஒண்ணும் கோவிச்சுக்கல. நாளிக்கி வச்சா நாளிக்கும் தின்பாரு. ரெண்டு நாள் லீவு கெடைச்சதுக்குப் போயி யாராவது சண்டை போடுவாங்களா?"

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. வேணுகோபால் சாக்கட்டியை வாங்கவில்லை, ஆனால் விடவுமில்லை. "தப்ப யாரு மொதல்ல பார்த்தது?"

மறைக்கக் கலியாணசுந்தரத்துக்கு இனித் தெம்பில்லை. "எங்க வூட்டுலதான். காலையிலியே சொன்னா. நான்தான் வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

"அப்போ மூணு கட்டம் உனக்கு. இயற்கைய அவங்க எழுதட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார் வேணுகோபால். "வானத்தைப் பார்க்கிறவங்க எழுதணும்."

மறுநாள் வரலாற்றுக் கட்டத்தில் கலியாணசுந்தரம் எழுதினார்: 'நேற்று இத்தெருவில் அமாவாசை ஒரு நாள் முன்னதாக வந்தது.' எழுதிவிட்டுச் சாக்கட்டியை மனைவியிடம் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன வடிவாம்பாள் கோணல்மாணலாக, கட்டம் நிறைய எழுதினாள்:

'இன்னைக்கு நிலா இல்லை. நான் பார்த்தேன்.'